சாமி தின்ற சிவப்பு பிஸ்கட்

மாலை போட்ட சாமி பெண் பார்க்க வந்தால் அவருக்கு எதைக் கொடுப்பது? அமிர்தவள்ளிக்கு முந்தின நாளிலிருந்தே இதே கவலை. மாப்பிள்ளையின் அப்பா பாண்டியன் கார்த்திகை முதல் தேதியே சபரிமலைக்கு மாலை போட்டவர். மீன் குழம்பு கொதித்த அடுப்பில் சுட்ட பஜ்ஜியை அவர் விரலால்கூடத் தொடமாட்டார். யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோன நேரத்தில் பரண்மேல் இருந்த வெள்ளைப் பை கண்ணில் பட்டது. மகள் சோபனா வேலை செய்யும் பிஸ்கட் கம்பெனியின் செகண்ட்ஸ். மிஷினில் செய்தது, அடுப்புத் தீட்டு கிடையாது.

ஆம்பூர்ப் பக்கம் செகண்ட்ஸ் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட ஷூவை மாட்டிக்கொண்டுதான் பாதி ஊர் கல்யாணத்துக்கே போகிறது. பையில் பெயர் அச்சடிக்கவில்லை என்றால் சரக்கு இன்னும் உசத்தி. அமிர்தவள்ளி பிரித்துப் பார்த்தாள். சிவப்பு, பச்சை, பிரவுன் என்று பொடிசுபொடிசாக அழகாகத்தான் இருந்தது. தட்டு நிறையக் கொட்டிக் கூடத்தில் வைத்தாள்.

பிஸ்கட் கம்பெனி என்று சோபனா சொல்லி வைத்தது முழுப் பொய்யும் இல்லை. பிஸ்கட்தான், தின்பதுதான் நாய். தெரு நாய்களுக்குப் போடத்தான் அந்தப் பையை எடுத்து வந்திருந்தாள். ஷூ கம்பெனித் தையல் வேலையை விட்டுவிட்டு ஆலங்காயம் ரோட்டில் நாய்த்தீனி கலக்கப் போகிறேன் என்றால் அம்மா விடுவாளா?

அம்மாவிடம் மறைத்ததாவது போகட்டும், கோபியிடமும் மறைத்திருந்தாள். ஷூ கம்பெனி பஸ்ஸில் பழக்கமானவன் கோபி, இப்போது பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை. இந்தப் பெண் பார்க்கும் வைபவமே இருவரும் சேர்ந்து தரகரைப் பிடித்து நடத்தும் நாடகம். போனில் பேசினால் பாதி நேரம் அவன் வீட்டு நாய் டாமியின் புராணம்தான். “சிக்கன் தீனிதான் வாங்கிப் போடுறேன்” என்று அவன் பெருமையடித்துக்கொள்ளும் தீனி இவள் கையால் கலந்தது. அதில் என்ன இருக்கிறதென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவன் தன்னை விட்டுப் போய்விடுவான் என்று பயந்தாள்.

காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றாள். கறுப்பு வேட்டி கட்டிய பாண்டியன் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தார்.

“உப்பு கொஞ்சம் கம்மி சாமி. ஆனா மொறுமொறுன்னு இருக்குது” என்றார் அமிர்தவள்ளியிடம். மாலை போட்டதிலிருந்து எதிரில் நிற்பவர்கள் எல்லோருமே அவருக்குச் சாமிதான்.

உள்வாசலையே பார்த்துக்கொண்டு தின்ற கோபி இப்போதுதான் தன் கையைக் குனிந்து பார்த்தான். “இது டாமிக்கு வாங்குறதாச்சே” என்றான். “கவர்ல போட்டிருக்கும்ப்பா. செவப்பு சிக்கன், பச்ச கீரை, பிரவுன் மட்டன்.”

பாண்டியனின் தாடை நின்றது. கை தானாக மாலைக்குப் போனது. “நான் செவப்பாப் பாத்துப் பொறுக்கித் தின்னேனேடா” என்றார்.

அமிர்தவள்ளி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். விரதத்தைக் கெடுத்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? சோபனா வாய் திறந்தால் அவள் வண்டவாளம் எல்லாம் வெளியே வரும், திறக்காவிட்டால் கல்யாணமே இல்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

“சாமி, மன்னிச்சுக்குங்க. எங்க கம்பெனி பிஸ்கட் நாய்க்குத்தான். நான்தான் கலக்குறேன். ஆனா செவப்புல கோழி இல்ல. மக்காச்சோள மாவு, நொய், தவுடு, சோயாப் புண்ணாக்கு, செவப்பு சாயம். கோழி வாசனை கெமிக்கல், பாட்டில்ல வரும்.”

“ஒரு துண்டு கூட இல்லயா சாமி?” என்றார் பாண்டியன்.

“மொதலாளி கோழி வாங்கி நான் பாத்ததே இல்ல. பச்சையும் அதே மாவுதான், சாயம் வேற.”

“எண்ணெய்?”

“பாமாயில், சாமி.”

பாண்டியன் நீளமாக மூச்சு விட்டார். “உங்க மொதலாளி நல்லா இருக்கணும். ஃப்ராடுதான், ஆனா என் விரதத்தக் காப்பாத்திட்டான்.” ஊரை ஏமாற்றுகிறவனுக்கு ஒரு சாமியின் ஆசீர்வாதம் இத்தனை சுலபமாகக் கிடைத்தது.

கோபி சிரிக்கவில்லை. “டாமி டாமின்னு போன்ல எவ்ளோ பேசியிருக்கேன். ஒரு வார்த்த சொல்லலயே நீ.”

“இன்னா போன்ல?” என்று திரும்பினாள் அவன் அம்மா சௌந்தரம்.

சோபனாவின் கண் நிறைந்துவிட்டது. “சொன்னா என்ன வேணாம்னுடுவீங்கன்னு பயம். தப்புதான். டாமிக்கு இனிமே நான் சோறாக்கித் தர்றேன். கல்யாணம் ஆனாலும் சரி, ஆகாட்டியும் சரி.”

சௌந்தரம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நாய்க்கே ஆக்கிப் போடுறேங்குது. எனக்கு இது போதும், பூ வச்சிடலாம்” என்றாள் கணவரிடம்.

கோபி மட்டும் அசையவில்லை. “நான் தின்னது பிரவுன்” என்றான். “அதுல இன்னா இருக்குது? மறைக்காம சொல்லு.”

சோபனா சொன்னாள். கோழி இறகை வேகவைத்து அரைத்த தூள். எலும்புத் தூள். கறிக்கடையில் கூட்டித் தள்ளிய கழிவு. தோல் பதனிடும் ஷாப்பில் வழித்துப் போட்ட சவ்வு. இதில் பாதியைச் சொல்லாமல் விழுங்கிவிட்டால் அவன் கொஞ்சம் நிம்மதியாக இருப்பான் என்று தெரிந்தும், ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

கோபி கடைசிவரை கேட்டான். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போனான். அவன் வாய் கொப்பளிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பாண்டியன்கூட எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் ஈரத்தோடு திரும்பி வந்த கோபி, எழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, “பூவ எங்கம்மா வச்ச?” என்று கேட்டான்.