திருட்டு வெங்காயம்

ஆராய்ச்சி நிலையத்தின் விதைக் கிடங்குக்கு அவள்தான் பொறுப்பு. அந்த வட்டாரத்து நாட்டு வெங்காய ரகங்கள் அத்தனையின் விதையும் அங்கே கண்ணாடிக் குப்பிகளில் இருந்தன. வெங்காய விதைக்கு ஆயுசு கம்மி. குளிரில் வைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விதைத்துப் புது விதை எடுக்கவும் வேண்டும். கிடங்கின் குளிர்சாதனம் பழுதாகிப் புதியது வந்தபோது, அது நேராக இயக்குநர் அறைக்குப் போய்விட்டது. விதைகளுக்கு வியர்க்காது என்று விளக்கம் சொன்னார்கள்.

“சார், இந்த வருஷமாவது விதைச்சிடலாம்.”

“பொக்கிஷத்தைப் போய் யாராவது மண்ணுல போடுவாங்களாம்மா?” என்றார் இயக்குநர். விதை கேட்டு வந்த விவசாயிகளுக்கும் அதே பதில்தான்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து, சாப்பாட்டுப் பையில் மறைத்துக் கொண்டுபோய் நாத்தனாரிடம் கொடுத்தாள். நாத்தனாருக்கு நிலம் கொஞ்சம், வாய் அதிகம்.

“யார்கிட்டயும் சொல்லிடாதே.”

“நான் ஏன் அண்ணி சொல்லப்போறேன்?”

விளைந்த காய்களை மறுபருவம் நட்டு, அவை பூத்தபோது நாத்தனார் பழைய கொசுவலைகளால் ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியாக மூடினாள், தேனீக்கள் ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொன்றில் கலந்துவிடாமல் இருக்க. காலையில் வலையைத் தூக்கிப் பூங்கொத்துகளைக் கையாலேயே தடவிவிட்டாள். கிடைத்த விதையை, யாரிடமும் சொல்லாமல், எல்லாருக்கும் கொடுத்தாள்.

அடுத்து வந்த மழையில் அழுகல் நோய் பரவியது. சந்தைக்காக எல்லாரும் போட்டிருந்த ஒரே பளபள ரகம் வயலோடு நாறிப்போனது. நாத்தனார் கொடுத்த ரகங்களிலும் பல படுத்துவிட்டன. மங்கிய சிவப்பில், பார்க்க லட்சணமில்லாத ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. பார்வையிட வந்த இயக்குநர் அதை எங்கேயோ படத்தில் பார்த்த ஞாபகத்தில் விசாரித்தார்.

“எங்க அண்ணி குடுத்தாங்க சார். உங்க ஆபீஸ்தான்,” என்றாள் நாத்தனார், பெருமையாக.

திருட்டு விசாரணைக் குழு கூடியது. அவள் கேட்டுவிட்டாள். “நான் திருடினது இதுதான்னு காட்டணுமே சார். குப்பியில மிச்சம் இருக்கிறதையும் முளைக்கப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்துடலாம்.”

நியாயம்தான் என்றது குழு. ஈரத்தாளில் விதையைப் பரப்பினார்கள். பூஞ்சைதான் வந்தது. இயக்குநர் தன் கையாலேயே தண்ணீர் தெளித்துப் பார்த்தார். பூஞ்சை செழித்தது.

குழுத் தலைவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். “சார், திருட்டுப்போனது மட்டும்தான் உசுரோட இருக்கு. மத்ததை என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க.”

மறுநாள் பத்திரிகையாளர்களை அழைத்து, தனது நேரடி வழிகாட்டலில் ரகசியமாக நடந்த வெளிக்களப் பாதுகாப்புத் திட்டம் வெற்றி என்று இயக்குநர் அறிவித்தார். அவள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். வேலை தப்பியதே போதும் என்றிருந்தது; கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

கிடங்குக்கு விதை கேட்டு இயக்குநரும் பத்திரிகையாளர்களும் நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள்.

“தர்றேன். கேக்கிறவங்களுக்கெல்லாம் குடுப்பீங்கன்னா தர்றேன். பூட்டி வைக்கத்தான்னா, பூட்டு எங்க வீட்டுலயும் இருக்கு.”

சுற்றிலும் கேமராக்கள். இயக்குநர் சிரித்தபடி தலையாட்டினார். அன்றிலிருந்து கிடங்கு வாரம் ஒருநாள் விவசாயிகளுக்காகத் திறந்தது.

வயலோரத்தில் இயக்குநர் பெயர் போட்ட பெரிய தகரப் பலகை ஒன்றும் வந்து நின்றது. அடுத்த அறுவடையின்போது இயக்குநர் வந்து பார்த்தால், நின்ற இடத்தில் அதைக் காணோம். நாலு கம்புகளின் மேல் அது மல்லாந்து கிடந்தது; அடியில் வெங்காயம் பரப்பியிருந்தது.

“பேரு தெரியலையேம்மா,” என்றார்.

“நிழல்ல காயணும் சார்,” என்றாள் நாத்தனார்.