சுவரில் மூன்று எழுத்து

“நீ ஆருக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டனீ?” என்று அம்மா ஒரு வியாழக்கிழமை கேட்டார். கையில் தொலைபேசி. அதில் எங்கள் டேனிஷ் ஊரான ரண்டர்ஸில் நடக்கும் ஜப்பானியத் தேநீர் வட்டத்தின் படம். நான் பாயில் நெற்றி படுமளவு குனிந்திருக்கிறேன். எனக்கு முன்னால் சுவரில் கறுப்பு எழுத்துள்ள நீளத் தாள் ஒன்று தொங்குகிறது. எங்கள் பெந்தெகொஸ்தே சபையின் மேர்வின் அண்ணை அதைக் கண்டுபிடித்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தார். கீழே ஒரேயொரு கேள்விக்குறி.

கேட்டவுடன் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் பங்குனியில் கிம்னாசியம் என்ற மேல்நிலைப் பள்ளியை விட்டேன். அங்கே கையை உயர்த்திப் பேசினால்தான் புள்ளி. “நல்லா எழுதுகிறாய், ஆனால் உன் குரலை நான் இன்னும் கேட்கவில்லையே” என்று ஆசிரியை வகுப்பில் சிரித்துக்கொண்டு சொன்னார். அடுத்த கிழமை மூன்று பாடங்களைக் கழிப்பறையில் இருந்தே கழித்தேன். பிறகு போகவில்லை. இப்போது நான் வெளியே போகிற ஒரே இடம், சனிக்கிழமைகளில் நூலகத்தின் மேல்மாடி அறைதான். டேனிஷ்காரரை மணந்து வந்த ஹிரோக்கோ அங்கே பாய் விரித்துத் தேநீர் முறை சொல்லிக் கொடுக்கிறார். அங்கே யாரும் என் கருத்தைக் கேட்பதில்லை. எங்கே உட்காருவது, கிண்ணத்தை எந்தப் பக்கம் திருப்புவது, என்ன சொல்வது எல்லாம் எந்தக் காலத்திலோ முடிவாகிவிட்டன. சொல்ல வேண்டியதும் இரண்டு மூன்று வசனம்தான். அவை எனக்குத் தடையில்லாமல் வரும்.

“சனிக்கிழமை நானும் வாறன். உது விக்கிரகமெண்டா அண்டையோடை நீ உங்கை போறது முடிஞ்சுது” என்றார் அம்மா.

வந்தார். இரண்டு மணிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அதற்கான நீலச் சட்டையோடேயே வந்தார். முழங்கால் மடியாதென்று சுவரோரமாக ஒரு முக்காலியில் இருந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். ஹிரோக்கோ கிண்ணத்தைத் துடைத்தார். அகப்பையைத் துடைத்தார். நான் சுவரிலிருந்த எழுத்துக்குக் குனிய வேண்டிய நேரம் வந்தது. முதுகு பாதியில் நின்றுவிட்டது.

“அவவைக் கேள்” என்றார் அம்மா, அந்த அமைதிக்குள். “உதிலை ஆரின்ரை பேர் கிடக்கெண்டு கேள்.”

“நீங்கள் கேளுங்கோவன்.”

“உன்ரை ஆள்தானே? நீ கேள்.”

கேட்டேன். என் டேனிஷ் எனக்கே கேட்கவில்லை. ஆனால் ஹிரோக்கோவுக்குக் கேட்டது. பேர் ஒன்றுமில்லை என்றார். மூன்று எழுத்து, ‘கிஸ்ஸாக்கோ’. அதற்கு என்ன பொருள் என்றும் சொன்னார். அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொல்ல நினைத்தபோது எனக்கே சிரிப்பு முட்டியது.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டு எழுதியிருக்காம்.”

“பகிடி விடாதை.”

அம்மா தானே டேனிஷில் கேட்டார். ஹிரோக்கோ மறுபடியும் அதையே சொன்னார். பிறகு, முற்காலத்தில் ஒரு துறவி வந்தவர்கள் எல்லாருக்கும் இதைத்தான் சொன்னாராம் என்றும் சேர்த்துவிட்டார். துறவி என்ற டேனிஷ் சொல் அம்மாவுக்கு நன்றாக விளங்கும்; இனி இது வேற்றுச் சமயம்தான் என்று எழும்பிவிடுவார். நான் பாயின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேறை ஒண்டும் சொல்லேல்லையோ அந்தாள்?”

“இல்லையாம்.”

“எங்கடை சனம் சொல்லுறதைத்தான் அந்தாளும் சொல்லியிருக்கு” என்றார் அம்மா. “ஆனா நாங்கள் சொல்லி வாய் மூட முதல் தண்ணி கொதிச்சிடும். இவ இன்னும் துடைச்சுக்கொண்டெல்லோ இருக்கிறா.”

நான் சிரித்துக்கொண்டே முழுதாகக் குனிந்தேன். நிமிர்ந்தபோது முதுகில் ஒரு பாரமும் இல்லை.

இனிப்பு வந்தது. அதை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் தேநீர் குடிக்க வேண்டும். அம்மாவோ ஊரில் தேத்தண்ணியோடு கடித்துக்கொள்ளும் பனங்கட்டி மாதிரி அதை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓரத்தை மட்டும் கடித்தார். ஹிரோக்கோ அதைப் பார்த்துவிட்டுத் தேநீரைக் கலக்கத் தொடங்கினார். எனக்கு முதல் கிண்ணம் வந்தது. முறைப்படி அம்மாவின் பக்கம் திரும்பி, “ஒசாக்கி நி” என்றேன்.

“உதுக்கு என்ன கருத்து?”

“உங்களுக்கு முதல் குடிக்கிறன், குறை நினையாதேங்கோ எண்டு.”

“வீட்டிலை ஒருநாளும் சொன்னதில்லை நீ” என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை.

அம்மாவின் கிண்ணம் பாதி முடிந்தபோது கைப்பைக்குள் தொலைபேசி அலறியது. அம்மா சாவகாசமாக எடுத்தார்.

“ஓம் மேர்வின்... வந்துதான் இருக்கிறன்... இல்லையப்பா, சாமியும் இல்லை, பூதமும் இல்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டு கிடக்கு... ஓம், பச்சை. சரியான கைச்சல்... நீங்களும் ஒருநாள் வந்து குடிச்சிட்டுப் போங்கோவன்.”

ஒன்றே முக்காலானது. எழும்பு, போவம் என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். எனக்குப் பின்னால் முக்காலி நகர்ந்தது. கைப்பையின் சங்கிலி தோளில் ஏறியது. அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றார். குனிந்திருந்ததில் என் சுவெற்றர் இடுப்புக்கு மேலே ஏறியிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார். பிறகு படியில் அவருடைய காலடிகள் மட்டும் இறங்கிப் போயின.