கடைசி பெஞ்சுக்கு ஒரு ஓட்டு

மனிதர்கள் எத்தனையோ நல்ல காரணங்களுக்காகச் சபையில் அங்கத்தினர் ஆகிறார்கள். நான் ஒரு பெஞ்சுக்காக ஆனேன்.

பிறந்ததிலிருந்து போகிற ஆலயம்தான். ஆனால் எல்லோர் முன்னும் உறுதிமொழி சொல்லி அங்கத்தினராகச் சேர்ந்ததில்லை. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவன் எதற்கு மறுபடி உள்ளே வர வேண்டும் என்பது என் வாதம். கல்லூரிப் பத்திரிகையில் கிண்டல் பத்தி எழுதுகிறவனுக்கு வாதத்துக்கா பஞ்சம்? நான் உட்காருவது கடைசி பெஞ்சில். முன்னால் தூண், பின்னால் சுவர், பக்கத்தில் கதவு. பிரசங்கம் தொடங்கும்போது கண்ணை மூடினால் ஆமென் சொல்லும்போது திறக்கலாம். பார்ப்பவர்களுக்குத் தியானம்.

அந்தப் பெஞ்சை எடுத்துவிடப் போவதாக அறிவிப்பு வந்தது. மருந்துக்கடை அத்தையின் சக்கர நாற்காலிக்கு அங்கே இடம் வேண்டுமாம்.

அத்தைக்கு ஏற்கெனவே முதல் வரிசையில், போதகருக்கு நேர் எதிரே இடம் உண்டு. என்னைத் திட்டுவதற்கு உதாரணமாகவே அவர் அங்கே வைக்கப்பட்டிருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம்.

"அவங்களைப் பாரு. ராத்திரி வரைக்கும் கடையைப் பார்த்துட்டு வந்து, கண்ணு இமைக்காம பிரசங்கம் கேக்குறாங்க. நீயும் இருக்கியே, தூணுக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு!" என்பாள் அம்மா, வாராவாரம்.

சபைக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசலாம் என்றால், பேச்சும் ஓட்டும் அங்கத்தினருக்கு மட்டும்தானாம். மறுநாளே போதகர் முன் போய் நின்றேன். அம்மா அழுதேவிட்டாள். "எத்தனை வருஷத்து ஜெபம்!" பெஞ்சு விஷயத்தைச் சொல்லி அந்த ஜெபத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போதகர் எனக்குத் தனியாக வகுப்பு எடுத்தார்.

"சபைங்கிறது ஒரு சரீரம். அங்கத்தினர்னா அதுல ஒரு அவயவம். நீ எந்த அவயவம்னு நினைக்கிற?"

"குடல்வால், ஐயா."

அவர் சிரிக்கவில்லை. "வலிச்சாத்தான் அது இருக்கிறதே தெரியும். ரொம்ப வலிச்சா வெட்டி எடுத்துடுவாங்க. பாத்துக்க."

இதைப் பத்தியில் எழுதுவதாக இருந்தேன். அவர் பதில் என்னுடையதைவிட நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஞாயிறு வந்தது. "உன் வசதியைவிடச் சபையின் நன்மையைப் பெரிதாக எண்ணுவாயா?" என்று போதகர் கேட்டார். பெஞ்சை நினைத்துக்கொண்டே, "எண்ணுவேன்" என்றேன். அத்தோடு முடிந்தது என்று நகரப் பார்த்தால், அவர் சபையின் பக்கம் திரும்பினார்.

"இவருடைய பாரத்தை நீங்கள் சுமப்பீர்களா?"

எல்லோரும் எழுந்து, "சுமப்போம்" என்றார்கள். எழ முடியாத அத்தையின் குரல்தான் எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தது. எனக்குச் சட்டைக் காலர் இறுக்கியது. புதுச் சட்டை, அளவு சரியில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஆளாளுக்குக் கை குலுக்கினார்கள். அத்தை மட்டும் பிடித்த கையை விடவில்லை.

"என்னடா, பெஞ்சுக்காகத்தானே சேர்ந்த?"

"ஐயோ, அத்தை..."

"நடிக்காத. எவன் இருமலுக்கு இருமல் மருந்து வாங்குறான், எவன் வேற எதுக்கோ வாங்குறான்னு மூஞ்சியைப் பார்த்தே சொல்லுவேன்."

மாட்டிக்கொண்டவனுக்கு ஏது வெட்கம்? "முன்னாடி அவ்வளவு நல்ல இடம் இருக்கே, அத்தை. ஏன் என் பொழப்புல மண்ணைப் போடுறீங்க?"

"நல்ல இடமா? நீ ஒருநாள் உக்காந்து பாரு!" என்னைக் குனிய வைத்துக் குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமை கடையை மூட நடுராத்திரி ஆகுதுடா. இங்க வந்தா தூக்கம் ஆளையே சாய்க்குது. ஒரு கொட்டாவி விட்டா மொத்த சபையும் பாக்கும். தொடையைக் கிள்ளிக்கலாம்னா அங்க உணர்ச்சியே இல்ல." முழங்கைக்குக் கீழே காட்டினார். வரிசையாக நகத் தடம். "அழணும்னாக்கூட முடியல. உடனே நாலு பேர் ஜெபம் பண்ண வந்துடுறாங்க. உன்னை மாதிரி தூண் மறைவுல யாருக்கும் தெரியாம கொஞ்ச நேரம் இருக்கணும்டா. அவ்வளவுதான்."

முதலில், ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லத்தான் தோன்றியது. இத்தனை வருஷத்துத் திட்டுக்கு ஒரே பதில்! ஆனால் அந்தக் கையை மறுபடி பார்த்துவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

ஆராதனை முடிந்ததும் கூட்டம். "பெஞ்சை எடுக்க யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று செயலாளர் கேட்டார். வீராவேசமான உரையை மனப்பாடம் செய்து வைத்திருந்த கால்கள் தாமாக எழுந்துவிட்டன. பெற்ற வயிறு குளிர அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்து... தூணை மட்டும் எடுத்துடாதீங்க."

"தூணை எடுத்தா கூரை விழுந்துடும், தம்பி."

"அப்ப சரி. பெஞ்சை எடுத்துக்கங்க." என் வாழ்வின் முதல் ஓட்டை என் பெஞ்சுக்கு எதிராகவே போட்டேன். புது அங்கத்தினருக்கு முதல் ஊழியமாக அதைத் தூக்கி வெளியே வைக்கும் பொறுப்பும் கிடைத்தது. நான் தூங்கியபோது அது இவ்வளவு கனமாக இருந்ததில்லை.

அடுத்த ஞாயிறு, வழக்கம்போலத் தாமதமாகப் போனேன். காலியாக இருந்தது ஒரே இடம்தான்: முதல் வரிசை, போதகருக்கு நேர் எதிரே, அத்தையின் பழைய இடத்தில் போட்டிருந்த நாற்காலி. பிரசங்கம் பாதியில் இருக்கும்போது, பின்னால் தூண் பக்கமிருந்து ஒரு மெல்லிய குறட்டை கிளம்பியது. போதகர் நிமிர்ந்தார். தலைகள் திரும்பத் தொடங்கின.

நான் இருமினேன். திரும்பப் போன தலையெல்லாம் என் பக்கம் திரும்பும்வரை, குறட்டை அடங்கும்வரை, விடாமல் இருமினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "முன்னாடி உக்கார வச்சும் நீ அடங்கலையே! அவங்களைப் பாரு. பின்னாடி போயும் கண்ணை மூடி எவ்வளவு பக்தியா ஜெபத்துல இருந்தாங்க!"

"ஆமாம்மா" என்றேன்.