காது தெரியாத படம்

தலை நட்டநடுவில் இருக்கணும், கண் நேரே கேமராவைப் பார்க்கணும், ரெண்டு காதும் தெரியணும். இருபது வருஷமாகப் பாஸ்போர்ட் படம் எடுத்தே பழகிய ஸ்டுடியோக்காரர் இந்த மூன்றை விட்டு இம்மியும் நகரமாட்டார். கைக்குழந்தை தவழ்ந்தாலும் அவருக்கு நடுவில்தான் தவழணும். தெருவில் அவருக்கு 'நடுசென்டர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார், பாவம்.

பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைத் திருத்துகிறவள் அவர் மனைவி. ஆஸ்பத்திரியின் புதுப் பிரசவ வார்டு வாசலில் சுவரளவுக்கு ஒரு படம் வைக்க வேண்டும், முப்பது வருஷம் அங்கே பிரசவம் பார்த்த பெரிய சிஸ்டரின் படம் என்று வேலை வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்கள் கை பட்ட படம் ஒன்று சுவரில் நிற்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசை!

நடுசென்டர் போய் எடுத்து வந்தார். அனுப்பிய படம் திரும்பி வந்தது. இன்னொன்று போனது, அதுவும் வந்தது. "விசாவுக்கு எடுத்த மாதிரி இருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேற குடுங்க, இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா போனில் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அவர் முன்னறையில் யாரோ ஒருவரின் தலையை நிமிர்த்திக்கொண்டிருக்க, அவள் எல்லாப் படங்களையும் திறந்தாள். நாற்பதும் ஒரே அச்சு. கடைசியில், அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய படங்களைக் கிளறினாள். ஒன்றில் சிஸ்டர் சட்டென்று பக்கவாட்டில் திரும்பியிருந்தார். ஒரு காதுதான் தெரிந்தது. ஒதுக்க அது போதாதா அவருக்கு?

அவள் திரையில் வெட்டும் கருவியை எடுத்துக் கட்டக்கோடுகளைப் போட்டாள். நெடுக்கே ரெண்டு, குறுக்கே ரெண்டு, படம் ஒன்பது கட்டமானது. கோடுகள் சந்திக்கும் நாலு இடத்தில்தான் பார்க்கிறவர் கண் முதலில் போய் நிற்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. கூரையையும் ட்யூப் லைட்டையும் வெட்டித் தள்ளி, சிஸ்டரின் கண்ணை மேலே இடப்பக்கச் சந்திப்புக்குக் கொண்டுவந்தாள். அப்போதுதான் கீழே வலப்பக்கச் சந்திப்பில் வந்து உட்கார்ந்தான் ஒரு ஆள். வராந்தா பெஞ்சில், மடியில் குழந்தைத் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். சிஸ்டர் திரும்பிப் பார்த்தது அவனைத்தான்.

"இதை நான் ஒதுக்கிட்டேனே" என்றார் பின்னால் வந்து நின்ற நடுசென்டர்.

"தெரியும்."

"ஒரு காதைக் காணோம்."

"சிஸ்டருக்கு ரெண்டும் இருக்குங்க. சந்தேகம்னா போய் எண்ணிட்டு வாங்க."

"சிஸ்டரை ஓரமா தள்ளிட்டியே."

"தள்ளலைங்க. அவங்க பார்க்கறதுக்கு இடம் விட்டிருக்கேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கோட்டை எடுத்துட்டுக் காட்டு."

கோடுகள் போயின. மனிதர் திரைக்குக் கிட்டே குனிந்தார். முன்னறையில் ஆள் காத்திருப்பதே மறந்துபோனது. பிறகு, "அனுப்பு" என்றார். பதினோரு மணிக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை படம் திரும்பி வரவில்லை.

வார்டு திறந்த அன்று படத்தின் முன்னால் பெரிய சிஸ்டர் நின்றது நின்றபடி நின்றார். "இந்தத் தம்பியை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டு நாளா வீட்டுக்கே போகலை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யார் எடுத்த படம் இது?"

கூட்டத்துக்குப் பின்னால், தூண் ஓரமாக நின்ற மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார் நடுசென்டர்.

"எடுத்தது நான்தான் சிஸ்டர். வேண்டாம்னு ஒதுக்கினதும் நான்தான். அதுல என்ன இருக்குன்னு பார்த்தது இவ."

சொல்லிவிட்டு அவளை எல்லாருக்கும் நட்டநடுவில் நிறுத்தினார். அவளுக்குப் பெருமை நெஞ்சில் கொள்ளவில்லை. வேறு யாரையாவது அவர் இப்படி நிறுத்தியிருந்தால் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளச் சொல்லியிருப்பாள். அன்றைக்கு நிறுத்தின இடத்திலேயே நின்றாள்.