வெர்லீனுக்குச் சம்பள உயர்வு

மரப்பட்டறை வாசலில் பிக்கப் வண்டியை நிறுத்தியபோது வெர்லீனின் மடியில் ஆப்பிள் கேக் சூடாக இருந்தது. பக்கத்து இருக்கையில் மஞ்சள் பெயின்ட் டப்பா. மகள் டெஸ்ஸா தன் அறைக்கென்று தேர்ந்தெடுத்த நிறம். பிற்பகல் மூன்று மணிக்குக் கையெழுத்து. அதன்பிறகு ஸ்டிட்ஹாம் கிழவரின் வீடு அவர்களுடையது. பூஞ்சை பிடித்த டிரெய்லர் வீட்டில் இருமி இருமித் தூங்காத குழந்தைக்கு இனியாவது மூச்சு விடக் கிடைக்கும்.

தன்னுடன் பட்டறையில் வேலை செய்பவர்களிடம் "வங்கிக் கடன்" என்றுதான் சொல்லியிருந்தாள். உண்மையில் அது கிராமத்து ஏழைகளுக்காக அரசு தரும் வீட்டுக் கடன். குடும்ப வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் கிடைக்காது. அவள் சம்பளம் அந்த வரம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதனால் வசந்த காலத்திலிருந்தே கூடுதல் நேர வேலைக்கு மறுத்து வந்தாள். 'மகாராணி வெர்லீன்' என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டாள். அரசாங்கத்திடம் கையேந்துகிறாள் என்று அந்தப் பள்ளத்தாக்கில் பெயர் எடுப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

"வாம்மா வீட்டுக்காரி!" முதலாளி ராய்ஸ் நேப்பியர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "கேக்கா? கொடு கொடு. காலைல உன் கடன் ஆபீஸ்லேர்ந்து ஒரு பொம்பள போன் பண்ணிச்சு."

"வேலையில இருக்கேனான்னு கேட்டிருப்பாங்க. கடைசியா ஒரு தடவை கேக்கறது வழக்கமாம்."

"இருக்கியாவா? நம்ம ஆளைப் பத்தி வெளியாள் கேட்டா நான் சும்மா விடுவேனா? புகழ்ந்து தள்ளிட்டேன்!" ராய்ஸ் மேசையில் தட்டினார். "திங்கக்கிழமையிலிருந்து வெர்லீன்தான் ஷிப்ட் சூப்பர்வைசர், சம்பளம் கால் பங்கு கூடுதல்னு சொன்னேன். பொய் இல்ல, நிஜம்தான். குடிபோற அன்னைக்குச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். இதுதான் என் பரிசு! எந்த வங்கிக்காரன் இனி உன்னை வேணாம்பான்?"

வெர்லீன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, சந்தோஷத்துல பேச்சே வரலியா?"

"அது வங்கி இல்ல ராய்ஸ். அரசாங்கக் கடன். சம்பளம் ஏறினா கிடையாது."

அவர் கையிலிருந்த கேக் துண்டு பாதி வழியில் நின்றது. "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? அரசாங்கத்துகிட்ட இலவச உணவு வாங்கறவங்களைப் பத்தி இதே மேசையில நீங்க பேசின பேச்சை நான் கேக்கலியா?"

ராய்ஸ் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டார். "நேப்பியர் பேசறேன். காலைல சொன்னேனே, அந்தச் சம்பள உயர்வு... அதை ரத்து பண்ணிட்டேன்."

எதிர்முனையில், காலையில் அழைத்த கடன் அதிகாரி டாக்கெட்டின் குரல் தயங்கியது. "மிஸ்டர் நேப்பியர், கடனுக்காக ரத்து பண்றீங்கன்னா அது மோசடி. நான் இதைக் கேக்கலன்னு வெச்சுக்கறேன். வெர்லீன் பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன்."

"இப்பதான் உங்களுக்குப் போன் பண்ண இருந்தேன். மன்னிச்சுக்குங்கம்மா. நீங்க வரம்பைத் தாண்டிட்டீங்க. வெளி வங்கியில கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டேன். முன்பணம் கொண்டாங்கறாங்க. அது இருந்தா உங்ககிட்ட ஏன் வரேன்?"

வெர்லீன் இணைப்பைத் துண்டித்தாள்.

ஸ்டிட்ஹாம் கிழவருக்கும் போன் செய்தாள். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு கண்ணு. ஒப்பந்தம் இன்னையோட முடியுது. லெக்சிங்டன் டவுன்லேர்ந்து ஒருத்தன் ரொக்கத்தோட நிக்கறான். மீன்பிடிக்க வரவங்களுக்கு வாடகைக்கு விடப்போறானாம். எனக்கும் ஆஸ்பத்திரிச் செலவு..." வெர்லீன் முழுக்கக் கேட்காமலே வைத்துவிட்டாள்.

அவள் கிளம்பும்போது ராய்ஸ் வாசல்வரை வந்தார். "சூப்பர்வைசர் வேலை உனக்குத்தான், வெர்லீன். திங்கக்கிழமை வந்துடு."

"வரேன். வராம எங்க போக?"

டிரெய்லரில் டெஸ்ஸா வீடு மாறக் கட்டிவைத்த பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றிலும் பசைநாடா ஒட்டி, 'என் ரூம்' 'சமையல்' என்று எழுதியிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

"பெயின்ட் எங்கம்மா?"

"வண்டியிலேயே இருக்கட்டும். சமையல் பெட்டியைப் பிரிச்சு வாணலியை எடு. ராத்திரிக்குச் சோள ரொட்டி போடணும்."

டெஸ்ஸா நாடாவைக் கிழிக்காமல், நகத்தால் மெல்ல மெல்ல உரித்தாள். மறுபடி ஒட்டத் தேவைப்படும் என்று நினைத்தாள் போலும். வெர்லீன் பார்த்துக்கொண்டே நின்றாள். இனி அது தேவைப்படாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.