ஐடிலிங்கில் நின்ற சர்வேயர்

ஆற்றுக்கு அக்கரையை அளக்கப் போன சர்வேயர் திரும்பி வராமல் போன இரண்டாம் வருஷம், அவருடைய பழைய காரின் ஆயில் மூடியை மெக்கானிக் திறந்தபோது, சர்வேயர் இடுப்புவரை வெளியே வந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெளுத்த ஆவியாகத்தான் வந்தார் என்றாலும், கட்டம் போட்ட சட்டையும் அதில் ஒரு பொத்தான் இல்லாததும் தெளிவாகத் தெரிந்தன. மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வணக்கம் சொன்னார். பக்கத்தில் நின்ற சர்வேயரின் மனைவி, கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவள், "அந்தப் பொத்தான அன்னைக்கே தெச்சிருக்கணும்," என்றாள். எஞ்சினை அணைத்ததும் சர்வேயர் கலைந்துபோனார்.

மெக்கானிக்கை எல்லோரும் 'ஆறட்டும்' என்றுதான் சொல்வார்கள். எந்த வண்டி வந்து நின்றாலும், "எஞ்சின் ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பார். கல்யாணப் பேச்சை எடுத்த அக்காவிடமும் அதையே சொல்லிச் சொல்லித் தலை பாதி நரைத்துவிட்டது. "ஆறின கஞ்சி பழங்கஞ்சிடா," என்று அக்காவும் சொல்லி ஓய்ந்துபோனாள். தம்பியின் மனசு தையல் கடைப் பக்கம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. ஊரே அவரை அண்ணே என்று கூப்பிட, தையல்காரி மட்டும் எந்த முறையும் வைக்காமல் "இங்க பாருங்க" என்பாள். அந்த ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டு அவர் பல வருஷம் தொங்கினார்.

காருக்கு வந்த நோய் என்னவோ சாதாரணமானதுதான். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, எரிந்த புகையில் கொஞ்சம் கீழே ஆயில் கிடக்கும் அறைக்குள் இறங்கி, போக வழியில்லாமல் முட்டிக்கொண்டிருந்தது. வண்டி நின்ற இடமெல்லாம் எண்ணெய்த் திட்டு. தையல்காரியோ வாரம் தவறாமல் வந்து, மூடியைத் திறக்கச் சொல்லி, கணவருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அவர் பேசவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். ஒருமுறை ஊசியில் நூல் கோத்துக்கொண்டு வந்து பொத்தானைத் தைத்துப் பார்த்தாள். பொத்தான் பாட்டரி மேல் விழுந்தது.

"இப்படியே தெறந்து விட்டா ஆயில் தெறிச்சே எஞ்சின் காஞ்சுடும். மூடி வெச்சா பொக முட்டி ஆயில் சீலப் பிச்சுக்கிட்டு வரும்," என்றார் மெக்கானிக். "ஒரு வால்வு போடணும். அது பொகைய இழுத்து மறுபடி கார்புரேட்டருக்கே அனுப்பி எரிச்சிரும்."

"எரிச்சிருமா?"

"பொகையத்தான் சொன்னேன்."

அவள் கணவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "இங்க பாருங்க. எனக்கு எஞ்சினும் ஓடணும், அவரும் நிக்கணும். அதுக்குத் தோதா ஒண்ணு பாருங்க."

அப்படி ஒரு வால்வை எந்தக் கடையிலும் பெயர் சொல்லிக் கேட்க முடியாது. பெரிய எஞ்சினுக்கான வால்வை முதலில் மாட்டினார். அது இழுத்த இழுப்பில், வண்டி நிற்கும்போது எஞ்சின் மெல்ல ஓடும் ஐடிலிங் தடுமாற, சர்வேயர் சேற்றில் மாட்டியவர்போலக் கழுத்துவரை உள்ளே போனார். தையல்காரி மெக்கானிக்கின் தோளைப் பிடித்து, "நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றாள். அந்தக் கை தோளில் இருந்த நேரத்தை அவர் பிற்பாடு எத்தனையோ நாள் நினைத்துக்கொண்டார். அடுத்தது ஸ்பிரிங் தளர்ந்த வால்வு. ஆயிலையும் சேர்த்து உறிஞ்சி நீலப்புகை கக்கியது, சர்வேயர் இருமினார். கடைசியில் பழைய சாமான் கடை ஒன்றில், ஐடிலிங்குக்குத் தனியாகத் திருகு வைத்த வால்வு அகப்பட்டது. வண்டி நிற்கும்போது எவ்வளவு இழுக்கவேண்டும் என்பதை அந்தத் திருகிலேயே வைத்துக்கொள்ளலாம். ஓடும்போது அதுபாட்டுக்கு முழுதும் இழுத்துவிடும்.

அதைப் பூட்டிய நாள், தையல்காரி தண்ணீர் குடிக்கப் பட்டறையை ஒட்டிய மெக்கானிக்கின் வீட்டுக்குள் போயிருந்தாள். உள்ளே அக்காவின் பேச்சுக் குரல் கேட்டது. மெக்கானிக் ஸ்குரூ டிரைவரைத் திருகில் வைத்தபடி சர்வேயரை நிமிர்ந்து பார்த்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. இத அரைத் திருகு இறுக்கினா உள்ள இழுபட்டு நீங்க போயிடுவீங்க. அவங்களுக்கு வால்வு மேலதான் கோவம் வரும், என் மேல வராது." சர்வேயர் அவரைக் கவனிக்கவே இல்லை. அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை மெக்கானிக்குக்குத் தெரியும். தினமும் சவரக் கண்ணாடியில் பார்ப்பதுதான். அவர் இழுப்பு குறையும்படி திருகைத் தளர்த்தினார். பிறகு ஆயில் துவாரத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் பார்த்தார். அது மேலே பறக்கவும் இல்லை, இறுகி ஒட்டிக்கொள்ளவும் இல்லை, மெல்லப் படிந்தது; இழுப்பு அளவாக இருந்தது. அதை எடுத்துவிட்டு வலை வைத்த மூடியைப் போட்டார். சர்வேயர் அதன் வழியே கொஞ்சம் மெலிந்து, ஆனால் முழுசாக எழுந்து நின்றார். திரும்பி வந்த தையல்காரி, "எளச்சிட்டாரு," என்றாள். "பரவாயில்ல, அவருக்கு நல்லாத்தான் இருக்கு."

எண்ணெய்த் திட்டு நின்றது. வருஷங்கள் போயின. அக்கா தன் மகள் வீட்டோடு போய்விட்டாள். தையல்காரிக்கு மூக்குக்கண்ணாடி வந்தது, முடி வெளுத்தது. சர்வேயர் மட்டும் போன அன்றைக்கு இருந்த வயசிலேயே இருந்தார். ஒருநாள் அவள் ஸ்டூலில் இருந்து எழுந்து வந்து, "இங்க பாருங்க, இப்பல்லாம் அவரு என்னப் பாக்கறதில்ல. என் பின்னால யாரையோ தேடறாரு," என்றாள். "நான் அவரோட அம்மா மாதிரி ஆயிட்டேன்."

"திருகை வேணா முழுசா இறுக்கிடட்டுமா?" என்றார் மெக்கானிக். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அப்போதுதான்.

"வேணாம். அவரு தேடட்டும். நம்ம கொஞ்ச தூரம் போயிட்டு வரலாம். நீங்க ஓட்டுங்க."

அன்றிலிருந்து சாயங்காலங்களில் இருவரும் அந்தக் காரில் போனார்கள். வேகம் எடுத்தால் முன்னால் சாலை மட்டும் இருக்கும். வண்டி நிற்கும் இடங்களில் சர்வேயர் பானட் இடுக்கு வழியாக எழுந்து, கட்டச் சட்டையின் முதுகைக் காட்டியபடி, தெருவின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டு நிற்பார். சிக்னலில் அவரைத் தாண்டிச் சிவப்பா பச்சையா என்று பார்க்க மெக்கானிக் தலையை அவள் பக்கமாகச் சற்றுச் சாய்க்க வேண்டியிருந்தது. அதுவும் பழகிப்போயிற்று.