இரண்டு பட்டன்

இந்தக் காலத்து ஆட்கள் உதவி கேட்க வரும்போது பழம் வாங்கி வருகிறார்கள். அரைக் கிலோ என்றால் சின்ன உதவி. இரண்டு கிலோ என்றால் நான் கதவைச் சாத்தப் பார்ப்பேன். என் மாப்பிள்ளை அன்றைக்கு ஒரு கூடையே தூக்கி வந்தான். கூடவே என் மகள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அச்சகத்தில் நான் மட்டும்தான். பேப்பர் வெட்டும் மெஷினுக்குப் புதுக் கத்தி மாட்டி, ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வருஷமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இரண்டு பக்கமும் பட்டன். இரண்டும் சேர்ந்து அழுந்தினால்தான் கத்தி இறங்கும். ஓட்டுகிறவன் கை உள்ளே போகக் கூடாது என்று எவனோ யோசித்துச் செய்தது. அந்த ஒரு ஆளை மட்டும் நம்புவேன்.

மாப்பிள்ளைக்கும் இதே அச்சகத்தில்தான் வேலை.

“மாமா, விபத்துப் பாலிசி ஒண்ணு போட்டிருக்கேன். இடது கை கட்டைவிரல் போனா முப்பது லட்சம்.”

“போகாம பாத்துக்கங்க.”

“அதில்ல மாமா.” குரலைத் தாழ்த்தினான். “ஒரு கையை உள்ள வச்சா ஒரு கைதான் மிச்சம். இன்னொரு பட்டனை நீங்க அழுத்தணும். மெஷின் கோளாறுன்னு சொல்லிக்கலாம். இத்தனை வருஷத்துல பத்து விரலையும் முழுசா வச்சிருக்கிற ஆளு நீங்க. உங்க பேச்சை நம்புவாங்க.”

விளையாடுகிறான் என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை.

“காசு குடுக்கிறவன் என்ன கேனையனா? ஆயிரம் கேள்வி கேப்பான். கடைசில வெறுங்கையோட வருவீங்க. அதுலயும் ஒரு விரல் கம்மி.”

மகள் சிரிக்கவில்லை. “ஒழுகுற வீட்டுல இன்னும் எத்தனை வருஷம்ப்பா இருக்கிறது? எல்லாம் விசாரிச்சாச்சு. ஒரு நிமிஷ வலி.”

“யாருக்கு?”



மெஷினை நிறுத்திவிடலாம் என்று சுவிட்சுப் பலகைக்குப் போனேன். திரும்பினால், மாப்பிள்ளை கட்டைவிரலைக் கத்திக்கு அடியில் வைத்து, வலது கையால் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறான். கண்ணை மூடியிருந்தான். முகமெல்லாம் வேர்வை. மற்ற பட்டன் மேல் என் மகளின் கை.

“பாப்பா, கையை எடு.”

எடுக்கவில்லை.  

ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினேன். நான் பிடுங்கியதும் அவள் அழுத்தியதும் ஒரே நொடி. கத்தி கிளம்பி, விரலுக்கு நாலு விரற்கடை மேலே நின்றுவிட்டது.

மாப்பிள்ளை கையை உருவி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். பிறகு மெதுவாக அவளைப் பார்த்தான்.

“நிஜமாவே அழுத்திட்டியா?”

“நீங்கதானே அழுத்தச் சொன்னீங்க.”

“மூணு வரைக்கும் எண்ணுறேன்னு சொன்னேன்ல?”

“எண்ணினா நீங்க எடுத்துருவீங்க.”

அவன் அவளைவிட்டு ஓரடி தள்ளி நின்றான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“சும்மாப்பா. இவருக்குத் தைரியம் இருக்கான்னு பாத்தேன். நீங்க நிறுத்திடுவீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“சத்தியமாப்பா.”

ஃப்யூஸ் கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன். “விளையாட்டுதான் மாமா, நம்புங்க” என்று மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டான். அவனே நம்பின மாதிரி இல்லை. தெருமுனை வரைக்கும் இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். நான் நிற்கவில்லை.